அகலமும் நாணமும்

ஆடவர் மார்புக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர்களுள் 'அகலம்' என்பதும் ஒன்று. பரப்பைக் குறிக்குஞ் சொல்லே உறுப்புக்கும் பெயராயிற்று. வேல் தாங்குவதும் மாலை அணிவதும் அவ்வகலமே எனச் சங்கப் புலவர் போற்றினர். இதனை வகுப்பில் விளக்குந்தோறும் மாணவர் சற்றே நிமிர்ந்து அமர்வதை யான் கண்டிருக்கின்றேன். ஆண்மகன் தன் மார்பைப் பெருமைக்குரிய இடமாகக் கருதும் வழக்கம் அத்துணைப் பழையது. ஆதலின், முதுமையில் உயிர் காக்க உண்ணும் மருந்தினால் அம்மார்பு பெண்மார்பு போல் பருக்குமாயின், வலியோடு நாணமும் உடன் வருகின்றது. அந்நாணம் சில வேளை நோயினும் கொடியதாகின்றது.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே புகைவண்டி நின்று செல்லும் சிற்றூர் றொசல்ல. அங்குள்ள தோட்டமொன்றில் நெடுங்காலம் கவ்வாத்துக் கத்தி பிடித்து ஓய்ந்த முதியவர் ஒருவரை யான் அறிவேன். வெற்றுடம்போடு பீலியில் குளித்துப் பழகிய அவர், சில மாதங்களாக இருட்டிய பின்னரே, அதுவும் சட்டையோடே குளிக்கலானார். புரொஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் கண்டு மாத்திரை உண்டு வந்தவர் அவர். வைத்தியசாலையில் அவருக்காகச் சிங்களத்திற் பேசுபவள் பேத்தி. "வாத்தியாரய்யா, இத எந்த வாயால அந்தப் புள்ளகிட்டச் சொல்லுவேன்?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்திவிட எண்ணியிருப்பதாகவும் கூறினார். யான் அவர் துன்பத்தை ஒரு தாளில் நான்கு வரியாகச் சிங்களத்தில் எழுதுவித்து, உறையிலிட்டு, மருத்துவர் கையிற் கொடுக்குமாறு சொன்னேன். அவர் அவ்வாறே செய்தார். மருத்துவர் அவரைத் தனியே அழைத்துச் சோதித்து, இது மருந்தின் விளைவே என்று தேற்றி, மருத்துவ முறையை மாற்றியமைத்தார்.

இவ்விளைவு ஏன் உண்டாகின்றது? புரொஸ்டேட் என்பது ஆடவர்க்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப் பையின் கீழே அமைந்திருப்பது. அங்குத் தோன்றும் புற்று, டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண்மைச் சுரப்பை உணவாகக் கொண்டு வளர்வது. அவ்வுணவைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் என்பதை 1941ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் தம் துணைவரோடு நிறுவினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். விதைகளை அகற்றுவது அவர் கண்ட ஒரு வழி. பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரஜனை ஊட்டுவது மற்றொரு வழி. 1938இல் இலண்டனில் டொட்ஸ் என்பார் செயற்கையாக ஆக்கிய ஸ்டில்பெஸ்ட்ரோல் இதற்குப் பயன்பட்டது. உண்ட ஆடவர் பலருக்கு மார்பு பருத்தது.

இக்காலத்துப் பைகலூட்டமைடு போன்ற மாத்திரைகள் வேறு வகையின. அவை ஆண்மைச் சுரப்பு புற்றணுவிற் சென்று பொருந்தாதவாறு வாயிலை அடைத்து நிற்கின்றன. பயன்படாத சுரப்பு குருதியில் மிக, அதன் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடுகின்றது. ஆண் மார்பினுள் உறங்கிக் கிடக்கும் சிறு சுரப்பித் திசு அதனால் விழித்து வளர்கின்றது. நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் அளவில் அம்மாத்திரையை மட்டும் உண்போருள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு மார்பு நோவோ பருமனோ காணப்படுகின்றது. விதை அகற்றுதலிலும், அதற்கு ஈடான ஊசிகளிலும் இது குறைவு.

இங்கே காலம் பெரிது. மருந்து தொடங்குமுன் மார்புக்குச் சிறிதளவு கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தால் வளர்ச்சி பெரும்பாலும் தடைப்படும். தமொக்சிபென் என்னும் மாத்திரையும் அதனைத் தடுக்கவும் குறைக்கவும் வல்லது. ஓராண்டளவு கடந்துவிடின் திசு நாராகி இறுகும். பின்னர் மருந்துக்குப் பெரிதும் இணங்காது. எஞ்சுவது சத்திர சிகிச்சையே. காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறைபோற் கீறிச் சுரப்பியை அகற்றுவர். கொழுப்பு மிகுந்திருப்பின் குழாயால் உறிஞ்சுவர். ஏழாம் நூற்றாண்டிலேயே எஜினாத் தீவினரான பவுல் என்னும் கிரேக்க மருத்துவர் ஆடவர் மார்பைப் பிறைவடிவிற் கீறிக் குறைக்கும் முறையை எழுதிவைத்தார். இத்துன்பம் எம்மூரில் மட்டும் தோன்றிய பழியன்று என்பதற்கு அந்நூல் சான்று. குருதிக் கட்டு, உணர்விழப்பு, வடிவ வேறுபாடு ஆகியன சிகிச்சையின் பின் நேரலாம். ஆகவே வயதும் நோயின் நிலையும் ஆராய்ந்தே முடிவு செய்வர். ஒரு பக்கம் மட்டும் கல்போன்ற கட்டி தோன்றினாலும், காம்பில் குருதி கசிந்தாலும், அதனை மருந்தின் விளைவென்று எண்ணி வாளா இருத்தல் ஆகாது. ஆடவர்க்கும் மார்பகப் புற்று வருவதுண்டு.

இனி மொழியாசிரியர்க்குரிய கடமை ஒன்றுண்டு. மேனாட்டார் இதற்கு வழங்கும் கிரேக்கப் பெயர் 'பெண்மார்பு' என்றே பொருள்படும். அதனை அவ்வாறே தமிழாக்கினால் நோயாளி மேலும் குன்றுவார். 'ஆண் மார்பகப் பெருக்கம்' என்போமாயின் நிகழ்ந்ததை மட்டும் கூறியவராவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அப்பணி நடந்த நாட்டில், முதியவர் ஒருவர் தம் உடம்பைப் பற்றிச் சொல்ல நாணற்ற சொல் ஒன்று இல்லாதிருப்பது நமக்கு அழகன்று.

வள்ளுவர் 'பேராண்மை' என்னும் சொல்லை எவ்வுறுப்புக்கும் சூட்டவில்லை. அயலான் மனைவியை விரும்பாத மனத்திண்மைக்குச் சூட்டினார். ஆண்மை மார்பின் வடிவில் இல்லை என்பதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், தம் அயலிலுள்ள முதியவர்க்கும் சொல்வாராக. மருத்துவரைக் கேளாது மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்பதையும் உடன் சொல்வாராக. வாயாற் கூற நாணுவோர்க்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தலும் எழுத்தறிவித்தவர் செய்யத்தக்க அறமேயாகும்.