ஒரு ரயிலுக்கு எத்தனை எஞ்சின்? எந்த இடத்தில்?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகிறோம் என்ற நினைப்பே வராது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை விலகி வழிவிடுவதால் ஒற்றை எஞ்சினே மொத்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய திருவிதாங்கூரின் இன்னொரு மலைவாசலான ஆரியங்காவில் கதை வேறு. 1904-ல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாக மறுபடி திறக்கப்பட்ட புனலூர்–செங்கோட்டைப் பாதையில், ரயிலின் வாலில் இன்னொரு எஞ்சினைக் கோத்து மலையேற்றுவது வழக்கம். ரயில்வேக்காரர்கள் அதை ‘பேங்கர்’ என்கிறார்கள்.

இரண்டு எஞ்சினையும் முன்னாலேயே பூட்டினால் என்ன?

சிக்கல் கப்ளிங்கில்

பயணிகள் ரயில்களை இழுக்கும் வாப்-7 மின்சார எஞ்சினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்கு மேல். எடை 123 டன். ஆனால் எவ்வளவு திறன் இருந்தாலும், சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் இழுக்க முடியும். பிடி போதாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது மணலைத் தூவிப் பிடிப்பை ஏற்றுவார்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் இன்னொரு எஞ்சின்தான் வழி.

சமவெளிப் பாதைகளில் அதை முன்னாலேயே சேர்ப்பதும் உண்டு. இரண்டு எஞ்சினையும் கேபிளால் இணைத்துவிட்டால் ஒரே லோகோ பைலட் இரண்டையும் ஓட்டலாம். சரக்கு ரயில்களில் இது அன்றாடக் காட்சி. மலையில்தான் சிக்கல். எஞ்சினுக்கு அடுத்த முதல் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி), பின்னால் வரும் அத்தனை பெட்டிகளின் பாரத்தையும் தாங்கவேண்டும். ஏற்றத்தில் அது அறுந்தால் பின்பாதி கீழ்நோக்கி உருளப் பார்க்கும்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடத்தை எல்லாரும் சேர்ந்து எவ்வளவுதான் இழுத்தாலும், பின்சக்கரத்தில் நெம்புகட்டை போட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் வடம் அறும். வாலில் நிற்கும் எஞ்சின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. கப்ளிங் அறுந்தாலும் பின்பாதியை உருளவிடாமல் தாங்கிப்பிடிக்கிறது. மும்பை–புனே பாதையில் கர்ஜத்–லோனாவளா இடையே 37 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அங்கும் பேங்கர் இல்லாமல் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் மலைரயிலிலோ இருப்பது ஒரே எஞ்சின்தான்; அதுவும் பின்னால் நின்று தள்ளுகிறது.

தள்ளுவதிலும் ஆபத்து உண்டு. பின்னால் அளவுக்கு மீறித் தள்ளினால், வளைவில் நடுப்பெட்டிகள் நெருக்குண்டு தடம் விலகலாம். அதனால் ஹாரன் ஒலியாலும் வாக்கி-டாக்கியாலும் முன்பைலட்டும் பின்பைலட்டும் பேசி வைத்துக்கொண்டே ஓட்டவேண்டும்.

நடுவில் எதற்கு?

2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கஞ்ச்குவாஜாவில் இருந்து ஜார்க்கண்டின் கர்வா ரோடு வரை ‘ருத்ராஸ்திரா’ என்ற சரக்கு ரயிலை விட்டார்கள். நீளம் நாலரை கிலோமீட்டர், 354 வேகன், 7 எஞ்சின். முன்னால் 2, பிறகு 59 வேகனுக்கு ஒன்று என இடையிடையே 5. இழுவை பங்கிடப்படுவதோடு, பிரேக்குக்கும் இந்த அமைப்பு உதவும். ரயில் பிரேக் காற்றால் இயங்குவது. வண்டி நெடுக ஓடும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும், அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் வண்டியில் அழுத்தக் குறைவு வால்வரை எட்ட நேரம் ஆகும். அதற்குள் முன்வேகன் நின்று, பின்வேகன் வந்து இடிக்கும். நடுநடுவே இருக்கும் எஞ்சின்களுக்கு முன்னால் இருந்து ரேடியோவில் கட்டளை கொடுக்க முடிந்தால், பல இடங்களில் ஒரே நேரத்தில் காற்றை வெளியேற்றலாம். 2001 ஜூனில் ஆஸ்திரேலியாவில் 682 வேகன்களும் 8 எஞ்சின்களும் கொண்ட இரும்புத்தாது ரயிலை ஒரே ஓட்டுநர் ஓட்டியது இந்த முறையில்தான்.

இரு முனையிலும் எஞ்சின்

திருவனந்தபுரத்தில் இருந்து வரும் வண்டி நாகர்கோவில் சந்திப்புக்குள் வந்து திருநெல்வேலி போக வேண்டுமானால் எஞ்சினை மறுமுனைக்கு மாற்றவேண்டும். கப்ளிங்கைக் கழற்றி, காற்றுக்குழாயைப் பிரித்து, எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி மாட்டி, அழுத்தமானியின் முள் 5-ஐத் தொடும்வரை காத்திருந்து, பிரேக்கைச் சோதித்த பிறகுதான் புறப்படலாம். சந்திப்புக்குள் வராமல் நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன் வழியாகப் போகும் வண்டிகளுக்கு இந்த வேலை மிச்சம்.

2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத் ரயில்களில் இரு முனையிலும் எஞ்சின் உண்டு. முன்னால் இருக்கும் பைலட்டே, பெட்டிகள் வழியாகப் போகும் கேபிள் மூலம் பின் எஞ்சினையும் இயக்குகிறார். திசை மாற வேண்டுமானால் அவர் மறுமுனைக்குப் போனால் போதும்.

2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத்தில் தனி எஞ்சினே கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருப்பதால் எந்த ஒரு கப்ளிங்கும் மொத்தப் பாரத்தைச் சுமப்பதில்லை. பிடிப்பும் வண்டி நெடுகப் பரவிக் கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்தில் இருந்தும் அது சட்டென்று வேகம் எடுப்பது இதனால்தான்.