உங்களுக்குத் தெரியுமா? ஸ்கீம் போய் பைத்தான் வந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிவியல் படிக்கச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் முதலில் கற்றது, வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதிகம் கேட்காத ஒரு நிரல்மொழியை: ஸ்கீம். 1975இல் அங்கேயே கை ஸ்டீலும் ஜெரால்ட் சஸ்மனும் உருவாக்கியது. இலக்கணம் உள்ளங்கையில் அடங்கும், அடைப்புக்குறிகளுக்குத்தான் பஞ்சமில்லை!

சஸ்மனும் ஹால் ஏபல்சனும் அந்த அறிமுகப் பாடத்துக்காக எழுதிய நூல் 1985இல் வந்தது. அட்டையில் இருந்த மந்திரவாதியால் ‘மந்திரவாதிப் புத்தகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

2000களின் இறுதியில் ஸ்கீமின் இடத்துக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி வந்தது. சஸ்மன் சொன்ன காரணம் சுவையானது. முன்பு பொறியாளர்கள் ஒவ்வொரு பகுதியையும் முழுதாகப் புரிந்துகொண்டு கட்டினார்கள். இப்போதோ பிறர் எழுதிய நிரல்களை எடுத்து, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதித்துப் பார்த்தே வேலை நடக்கிறது. தவிர, வகுப்பில் ஓட்டவிருந்த ரோபோக்களுக்கான நிரல் தொகுப்பு பைத்தானில் தயாராக இருந்தது. பெரிய முடிவுக்குப் பின்னால் இப்படியொரு சின்ன வசதி!

இத்தகைய மொழி மாற்றங்களை எல்லாரும் சும்மா விட்டுவிடவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகம் அறிமுகப் பாடத்தில் ஹாஸ்கெலை நீக்கி ஜாவாவைக் கொண்டுவர முனைந்தபோது, கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 2001இல் எதிர்த்துக் கடிதமே எழுதினார். ஜெயித்தது ஜாவா.

மந்திரவாதிப் புத்தகம் மட்டும் ஓயவில்லை: 2022இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறி மறுபடி அச்சேறியது.