துறந்தாரா? கைவிட்டாரா?



"நேற்றிலிருந்து மிட்டாயைத் துறந்துவிட்டேன்" என்று உங்கள் தம்பி சொன்னால் சிரிப்பு வரும் அல்லவா? சாயங்காலமே கடை வாசலில் நிற்பானே! 'துறத்தல்' அத்தனை எளிதில் சொல்லக்கூடிய சொல் அல்ல.

ஒன்றை விடுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. மூன்றை மட்டும் பார்ப்போமா?

துறத்தல்: தன்னிடம் இருப்பதை, தானே மனம் வந்து, திரும்ப வேண்டாம் என்று விடுவது. 'துற' என்ற வேரிலிருந்து வந்தவையே துறவு, துறவி, துறவறம். 1956இல் அரியலூர் அருகே பெரிய ரயில் விபத்து நடந்தது. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். யாராவது பதவியைப் பறித்தால் அது துறத்தல் ஆகாது. அதேபோல, இல்லாததையும் துறக்க முடியாது.

1936இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் 'முடி துறந்தார்'. மொட்டை அடித்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள்! இங்கே முடி என்றால் மகுடம். அரச பதவியை விட்டு விலகினார் என்பதே பொருள்.

கைவிடுதல்: பாதியில் விடுவது, காக்க வேண்டியவரை விட்டு விலகுவது. 'திட்டத்தைக் கைவிட்டனர்', 'ஆபத்தில் நண்பனைக் கைவிடாதே.'

விட்டுக்கொடுத்தல்: நமக்கு உரியதை இன்னொருவருக்காக விடுவது. ஆனால், 'நண்பனை விட்டுக்கொடுக்காமல் பேசினான்' என்றால், பிறர் முன்னே அவனைக் குறைத்துப் பேசவில்லை என்று பொருள். முன்னதில் விட்டுக்கொடுப்பது நல்லது. பின்னதில் விட்டுக்கொடுக்காமல் இருப்பது நல்லது!

இந்தச் சொற்களை எனக்குச் சரியாகச் சொல்லித்தந்தவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். 'என் குடும்பம்' என்ற கட்டுரையில் அவன், 'என் அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பைத் துறந்தார்' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்து, 'கைவிட்டார்' என்று திருத்தினேன்.

நோட்டை வாங்கியவன் போகாமல் நின்றான்.

"என்னப்பா?"

"அக்காவா விடல சார். வீட்டுல நிறுத்திட்டாங்க. ராத்திரி என் புத்தகத்தை எடுத்துப் படிச்சிக்கிட்டுதான் சார் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் துறக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை, நிறுத்தப்பட்டிருந்தாள். என் திருத்தம், செய்யாத தவறை அவள் மேல் சுமத்திவிட்டது. என் திருத்தத்தை நானே அடித்தேன். 'அக்காவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள்' என்று எழுதினேன்.

அன்று மாலையே தலைமையாசிரியரை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை போனோம். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

ஆகவே, குழந்தைகளே, யாராவது ஒன்றை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால், 'அவராகவே விட்டாரா?' என்று ஒரு முறை கேளுங்கள். சரியான சொல் அப்போதுதான் கிடைக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

பொருத்தமான சொல்லால் நிரப்புங்கள்:

1. பேருந்தில் பாட்டிக்கு என் இருக்கையை ........
2. மழை வலுத்ததால் மலையேறும் எண்ணத்தை ........
3. சித்தார்த்தர் அரண்மனை வாழ்வை ........
4. திருக்குறளில் 35ஆவது அதிகாரம் 'துறவு'. அதன் முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒட்டவே ஒட்டா! கடைசிக் குறளில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதில் 'பற்று' எத்தனை முறை வருகிறது?

விடைகள்: 1. விட்டுக்கொடுத்தேன் 2. கைவிட்டோம் 3. துறந்தார் 4. ஆறு முறை