கணக்கும் கையெழுத்தும்

கோல்ஃப் என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், நம் தீவிலிருந்து கப்பல் போகும் கொல்கத்தாவில் 1829-லும், கொடைக்கானலில் 1895-லும் கோல்ஃப் கிளப்கள் தோன்றிவிட்டன. இத்தகைய இடங்களில் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து ஆண்டுக்கொரு நாள் ‘ஸ்ட்ரோக் பிளே’ போட்டி நடத்துவது வழக்கம்.

விதி எளிது. மொத்தம் 18 குழிகள். பந்தைக் குழியில் விழச் செய்ய எத்தனை அடி என்று எண்ண வேண்டும். குறைவாக அடித்தவரே வென்றவர். புதியவரும் தேர்ந்தவரும் சேர்ந்து ஆடுவதற்காக ‘ஹேண்டிகேப்’ என்ற சலுகை உண்டு. 95 அடித்தவருக்குச் சலுகை 24 என்றால் நிகரம் 71. 80 அடித்தவருக்குச் சலுகை 6 என்றால் நிகரம் 74. முன்னவருக்கே பரிசு!

குழிக்குக் குழி நடுவர் நிற்பதில்லை. ஒருவர் கணக்கை மற்றவர் எழுதுவார். முடிவில் இருவரும் அட்டையில் கையெழுத்திட வேண்டும். இரயில்வே வேலைகளில் ஒருவர் எழுதிய அளவை இன்னொருவர் சரிபார்த்து ஒப்பமிடுவதும் இதே நோக்கில்தான்.

1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில், அர்ஜென்டினா வீரர் ராபர்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை 3 அடியில் முடித்தார். அட்டை எழுதியவர் 4 என்று போட்டுவிட்டார். அதைக் கவனியாமல் இவர் கையெழுத்திட்டார். கூடுதலாக எழுதிக் கையெழுத்தானால் அதுவே நிற்கும். குறைவாக எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். சமநிலையில் மறுநாள் மீண்டும் ஆடியிருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றார். எழுதியவரை அவர் பழிக்கவில்லை, தம்மையே நொந்துகொண்டார்.

வங்கிப் படிவமோ, நிலப் பத்திரமோ, யார் நிரப்பித் தந்தாலும் முழுதும் படித்த பின்னரே கையெழுத்திடுவோம்.