அரிசோனாத் தண்ணீர், மின்னசோட்டாக் குளிர்

அமெரிக்காவின் வட மாநிலமான மின்னசோட்டாவில் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெயின்டை அல்ல, வண்டியின் அடிப்பாகத்தை. குளிர்காலம் முழுக்க அங்கே சாலையில் உப்பு தூவுகிறார்கள். போதிய அளவு உப்பு கரைந்த நீர் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அதனால் சாலையில் பனி இளகும். ஆனால் அதே உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை என்பதால், இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். பிரேக் குழாய்கூடத் தப்பாது. கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டுக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரியதொரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலையில் தூவும் உப்பை அங்கே வெட்டி எடுக்கிறார்கள். கார் செய்யும் ஊரின் காலடியிலேயே காரைத் தின்னும் பொருள்!

ஆகவே பாலைவன மாநிலமான அரிசோனாவில் ஓடிய கார் என்றால் வடக்கே தனி மதிப்பு. நியாயமான மதிப்புதான்; வறண்ட காற்றில் இரும்பு அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் காருக்குள் ஓடும் திரவங்கள் இன்னும் பாலைவனத்திலேயே இருக்கின்றன.

ரேடியேட்டரைப் பாருங்கள். திரவம் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் அது உறையப்போவதில்லை. வடக்கே முதல் கடுங்குளிர் இரவில் அது உறைந்து, கன அளவில் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு இன்ஜினையே பிளக்க அது போதும். இதற்கு மருந்து எத்திலீன் கிளைக்கால். தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. கலப்பில்லாத கிளைக்கால் ஏறக்குறைய மைனஸ் 13ல் உறைகிறது. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்குகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த வியப்பு தீரவில்லை. பனிக்கட்டியாக வேண்டுமென்றால் நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுக்க வேண்டும். கிளைக்கால் நடுவே புகுந்து அவற்றோடு கைகோத்து அணியைக் கலைக்கிறது. கிளைக்காலின் அணியை நீர் கலைக்கிறது. அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்துத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுபவர், பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

பேட்டரியின் கதை இன்னும் வேதனையானது. அதைக் கொல்வது வெயில். 45 டிகிரிக் கோடையில் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் விரைந்து அரிக்கப்படுகின்றன. ஆனால் அதே சூடு வேதிவினையையும் முடுக்கிவிடுவதால் வண்டி தடையின்றி ஸ்டார்ட் ஆகும். நோய் வெளியே தெரியாது. வடக்கே வந்தாலோ, மைனஸ் 18 டிகிரியில் புதிய பேட்டரிக்கே பாதி வலுதான் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து ஆயிலும் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அரிசோனாவில் பட்ட காயம் மின்னசோட்டாவில் தெரிய வருகிறது. ஆயிலைப் பொறுத்தவரை, டப்பாவில் ‘5டபிள்யூ-30’ என்றிருப்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் எளிதாக ஓடும்.

கோடை டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிமானம் இழக்கும் என்பதால், அவற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னும் வடக்கே, கனடாவின் வின்னிபெக்கில், பல கார்களின் முகப்பில் ஒரு மின்கம்பி எட்டிப் பார்க்கும். இரவில் அதைச் செருகிவைத்தால் இன்ஜினுக்குள் இருக்கும் சிறு ஹீட்டர் ரேடியேட்டர் திரவத்தைச் சூடாக்கும். பாலைவனத்திலிருந்து வந்த காரில் அந்தக் கம்பி இருக்காது.