வாக்குச் சாவடியும் திருவிருந்து மேசையும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறத்துக் கிராமங்களிலும், தேர்தல் அறிவிப்பு வெளியான சில நாட்களுக்குள்ளேயே மதிற்சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டு, கட்சிகளின் பெயர்கள் அவற்றின்மேல் ஏறிவிடுகின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும் வேளையில், மூன்று அணிகளின் அபேட்சகர்களும் ஆலய வாசலுக்கு அப்பால் கைகூப்பி நிற்கிறார்கள். "மாமா, நம்ம சபைக்காரனாக்கும் நிக்கேன், எனக்குப் போடாம வேற யாருக்குப் போடப்போறிய?" என்று ஒருவர் உரிமையோடு கேட்க, அவருக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சிக் கொடியோடு நிற்பவரும் அதே மாமாவுக்கு மருமகன் முறையாக இருப்பது இந்த ஊர்களில் அபூர்வமன்று.

உள்ளாட்சித் தேர்தலில் இந்தச் சங்கடம் இன்னும் நெருங்கி வந்துவிடுகிறது. ஒரு வார்டுக்குள் சில நூறு வீடுகளே இருக்கும். சபைக் கமிட்டியில் அங்கம் வகிப்பவர் ஒரு சின்னத்திலும், பாடகர் குழுவில் பாடும் சகோதரி மற்றொரு சின்னத்திலும் போட்டியிடுவார்கள். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளாட்சி வாக்குப்பதிவு நடந்தபோது கிறிஸ்து பிறப்பை எதிர்நோக்கும் ஆயத்த காலம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இருபுறமும் ஒரே நாளில் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. மனந்திரும்புதலுக்கென்று திருச்சபை ஒதுக்கிய நாட்களும், பகையை மூட்டுவதற்கென்று பிரசாரகர்கள் ஒதுக்கிய நாட்களும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும்போது, விசுவாசி எந்த மனநிலையோடு இரண்டையும் கடக்கவேண்டும் என்ற கேள்வியை ஒவ்வொரு சபையும் தன்னிடமே கேட்டுக்கொள்வது அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அரசியல் அழுக்கானது, பக்தனுக்கு அதில் வேலையில்லை என்று ஒதுங்குவது இந்த மண்ணின் கிறிஸ்தவர்களுக்கு அடாது. தோள்சீலை அணியும் உரிமைக்காக இவர்களுடைய முன்னோர்களான பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பிரகடனத்தால்தான் அதனை, அதுவும் நிபந்தனைகளோடு, பெற்றார்கள். 1930களின் தொடக்கத்தில் சமஸ்தானச் சட்டசபைக்கான வாக்குரிமை பெரும்பாலும் நிலவரி செலுத்துவோரைச் சார்ந்தே இருந்தமையால், நிலமற்றவருக்கும் சிறு நிலத்தாருக்கும் அங்கே குரலில்லை. அந்த அநீதியை எதிர்த்துக் கிறிஸ்தவர், ஈழவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமுதாயத்தாரும் கூட்டாக ஓர் அரசியல் காங்கிரஸை அமைத்து, தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று சரித்திரம் குறிக்கும் அக்கிளர்ச்சியில் ஈழவரான சி. கேசவன் 1935இல் சிறை புகுந்தார், கிறிஸ்தவரான டி. எம். வர்கீஸும் முஸ்லிமான பி. கே. குஞ்ஞுவும் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். அதன் பயனாக வாக்குரிமை விரிவடைந்தது, அரசுப் பணி நியமனங்களில் புறக்கணிக்கப்பட்டோருக்கும் வழி திறந்தது. தன் சபைக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கணக்கிடாமல், அயலானுக்கு நியாயம் கிடைக்கிறதா என்று பார்த்த விசுவாசமே அங்கே அரசியலில் இறங்கியது என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

அந்த விசாலமான பார்வை இன்று குறுகிவிட்டதோ என்று அஞ்சுவதற்கு இடமிருக்கிறது. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தோபேயின் ஊழியத்தால் வேரூன்றிய லண்டன் மிஷன் சபைகள், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயமாகவும் கன்னியாகுமரிப் பேராயமாகவும் இருக்கின்றன. 1996இல் நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டமும், 2017இல் பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டமும் ஏற்பட்டன. இரட்சணிய சேனையும் பெந்தெகொஸ்தே சபைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தேர்தல் வந்ததும், இந்தச் சபையின் வாக்குகள் இந்த அணிக்கு, அந்தச் சபையின் வாக்குகள் அந்த அணிக்கு என்று தேநீர்க் கடைகளில் பங்கு பிரிக்கப்படுகிறது. ஆண்டவரின் மந்தை அரசியல் தரகர்களின் பேரேட்டில் எண்ணிக்கையாகிவிடுகிறது.

ஜாதிச் சான்றிதழ் என்னும் ஒரு சிறு காகிதத்தை எடுத்துப் பாருங்கள். கேரள அரசின் பின்தங்கிய வகுப்பினர் பட்டியலில், லண்டன் மிஷன் மரபில் வந்த நாடார்கள் இன்றும் எஸ்.ஐ.யு.சி. நாடார் என்றே குறிக்கப்படுகிறார்கள். எஸ்.ஐ.யு.சி. எனப்பட்ட, 1908இல் தோன்றிய தென்னிந்திய ஐக்கிய சபை, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துவிட்டது. திருச்சபை ஒன்றாகிய பிறகும் தாலுகா அலுவலகத்தில் பழைய பெயர் நிலைத்துவிட்டது. ஒரே தகப்பன்வழியில் வந்து, வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இரு சகோதரர்களில் ஒருவருக்கு ஒதுக்கீடு உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற விநோதமான நிலை நெடுங்காலம் நீடித்தது. எல்லாச் சபைகளின் நாடார் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்ப்பதாகக் கேரள அரசு 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது முடிவு செய்தது. ஜூலையில் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. புதிதாய்ச் சேர்வோருக்கு மகிழ்ச்சியும், முன்பே இருப்போருக்குப் பங்கு குறையுமோ என்ற கவலையும் எழுவது மனித இயல்பே. ஆனால் அந்தக் கவலையைச் சபைக்குச் சபை விரோதமாக வளரவிடுவதும், தேர்தல் மேடையில் அதற்கு எண்ணெய் வார்க்க இடங்கொடுப்பதும் விசுவாசிகளுக்குத் தகாது.

எல்லைக் கிராமங்கள் இதைவிடக் கொடிய சோதனையையும் கண்டவை. தமிழ் வழங்கும் தென் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலத்தில், தேர்தல் என்பதே மொழியின் தராசாயிற்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் இப்பகுதிப் பேராயமும் இரண்டாயிற்று. ஆயினும் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் தமிழில் ஜெபிக்கும் பாட்டியும் இப்பால் மலையாளத்தில் ஜெபிக்கும் பேத்தியும் அடக்க ஆராதனைக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பந்தலில் கூடுகிறார்கள். மொழியும் மாநிலமும் பிரிக்கமுடியாத உறவை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு சின்னம் பிரித்துவிட நாம் அனுமதிக்கலாமா?

சின்னங்களின் நிலையாமைக்கு நெய்யாற்றின்கரையே சாட்சி. 2011இல் மார்க்சிஸ்ட் கட்சியின் அபேட்சகராக வென்ற ஆர். செல்வராஜ், 2012 மார்ச்சில் பதவி விலகி, ஜூன் 2ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸின் அபேட்சகராக அதே தொகுதியில் மீண்டும் வென்றார். அவர் செய்தது சரியா தவறா என்பதை வாக்காளர்கள் தீர்த்துவிட்டார்கள். அதை இங்கே ஆராயத் தேவையில்லை. முதல் தேர்தலில் அவர் பொருட்டு எதிரெதிராக நின்று பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் இருந்திருந்தால், இரண்டாவது தேர்தலின்போது தங்கள் பகைக்கு என்ன பொருள் கண்டிருப்பார்கள் என்பதே நாம் சிந்திக்கவேண்டியது.

பிரசங்க பீடத்தின் பொறுப்பு இன்னும் பெரிது. இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வகோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை அச்சுறுத்துவதை, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஊழல் முறை என்றே வகுத்திருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளும் வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கலாகாது என்கின்றன. 2004இல் மூவாற்றுப்புழைத் தொகுதியில் 529 வாக்குகளில் வென்ற பி. சி. தாமஸ், போப் இரண்டாம் ஜான் பால், அன்னை தெரசா ஆகியோரின் படங்களோடு தம் படத்தையும் சேர்த்துப் பிரசாரம் செய்தமைக்காக, 2006இல் கேரள உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தலைச் செல்லாததாக்கியது. உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் போதகர்கள் வாய்மூடவேண்டியதில்லை. ஏழையின் கூலியையும், கடலோரத்தாரின் வீட்டையும், ரப்பர் வெட்டுபவரின் பிழைப்பையும், சிறுபான்மையோரின் பாதுகாப்பையும் பற்றி வேதத்தின் ஒளியில் பேசுவது அவர்கள் கடமை. எந்தச் சின்னத்தில் விரலை வைப்பது என்பதோ விசுவாசியின் மனச்சாட்சிக்கும் கர்த்தருக்கும் இடையிலுள்ள காரியம்.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டது, அவர்கள் ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லிப் பிளவுபட்டதற்காகத்தான். தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, அதிகாரத்தில் இருப்போர் எல்லாருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்று அவர் சொன்னது, அவ்வதிகாரிகள் தமக்கு வேண்டியவர்கள் என்பதற்காக அன்று. 2019இல் எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரித் தொகுதியில் வாக்குப்பதிவு பெரிய வியாழனன்று, ஏப்ரல் 18இல் நடந்தது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய நாளை நினைவுகூர்ந்து மாலை ஆராதனைக்கு வந்த சபையார், காலையில் வெவ்வேறு சின்னங்களில் வாக்களித்து மையிட்ட விரல்களோடு, ஒரே அப்பத்திலும் ஒரே பாத்திரத்திலும் பங்குபெற்றார்கள். ஐக்கியம் என்று நாம் சொல்வது இதனைத்தான்: அபிப்பிராயங்கள் ஒன்றாகவேண்டியதில்லை, திருவிருந்து மேசை ஒன்றாயிருக்கவேண்டும்.

ஆகவே, பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சகோதர சகோதரிகளே! வாக்களிக்கத் தவறாதீர்கள், பணத்துக்கோ பயத்துக்கோ வாக்கை விற்காதீர்கள். அபேட்சகரின் சபையைக் கேட்பதற்கு முன் அவருடைய நடத்தையைக் கேளுங்கள். செவிவழிச் செய்தியையும் செல்போனில் வரும் அவதூறையும் ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் மூன்று அணிகளின் அபேட்சகர்களுக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். முடிவு வெளியான நாளில், வென்றவர்கள் தோற்றவரின் வீட்டு வாசலில் பட்டாசு வெடிக்காதிருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாற்றுக்கட்சிக்கு உழைத்த சகோதரனிடம் நீங்களே முதலில் சென்று கைகொடுங்கள்.