பரிச மாடும் விடுதிக் கட்டிலும்

கென்யாவின் நரோக், கஜியாடோ மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் மொண்டுலி, லொங்கிடோ பகுதிகளிலும் மாடு மேய்த்து வாழ்கிறவர்கள் மாசாய் மக்கள். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளை படிப்பாளா மாட்டாளா என்பதை ஒரு தலைமுறைக்கு முன்புவரை மாட்டுக் கணக்குதான் முடிவு செய்தது. அந்தக் கணக்கு இப்போது மெல்ல மாறி வருகிறது.

அன்று

ஆங்கிலேயர் ஆட்சியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி அதிகாரிகள் ஊர்த் தலைவர்களை நெருக்கினார்கள். பல குடும்பங்கள் மந்தைக்கு உதவாதவன் என்று நினைத்த பையனை அனுப்பிவைத்தன. கெட்டிக்காரன் மாட்டோடு இருந்தான். பெண்பிள்ளைக்கு அந்த மிச்ச இடமும் இல்லை. தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, கன்றுகளைப் பார்ப்பது, தம்பி தங்கையைத் தூக்கி வளர்ப்பது என அவள் நாள் கழிந்தது. பூப்பெய்தும் வயதில் சடங்கு. அதில் பெண்ணுறுப்பைச் சிதைப்பார்கள். காயம் ஆறியதும் அவள் பெரியவள். அடுத்தது கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக மாடு தர வேண்டும். வறட்சியில் மந்தை மடிந்த ஆண்டுகளில் மகளின் கல்யாணம் முன்கூட்டியே நடந்ததற்குக் காரணம் அதுதான். படிக்கவைக்க ஒரு காளையை விற்க வேண்டும். படித்தபின் பலனோ புகுந்த வீட்டுக்குப் போகும். தகப்பன் போட்ட கணக்கில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு மாற்றாக ஒரு வழி, 1959ல் கஜியாடோவில் தொடங்கிய பெண்கள் பள்ளியில் பிறந்தது. அதன் தலைமையாசிரியை பிரிசில்லா நங்குராய், 1980களில், பாதிப் படிப்பில் கல்யாணத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட சிறுமிகளை மீட்டு விடுதியில் வைத்துப் படிக்கவைத்தார். பெற்றோர் கைவிட்டால் கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வி உடனே எழுந்தது. உதவித்தொகையின் தேவை அங்கேதான் புரிந்தது.

இன்று

கென்யா 2003ல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. பெண்ணுறுப்புச் சிதைப்பைச் சிறுமிகளுக்கு 2001ல் தடைசெய்த சட்டம், 2011ல் எல்லா வயதினருக்கும் விரிந்தது. தான்சானியா 2016ல் கீழ்நிலை இடைநிலைப் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. ஆனாலும் சீருடை, புத்தகம், விடுதிச் செலவு நிற்கின்றன. ஊருக்கும் பள்ளிக்கும் இடையே யானையும் எருமையும் திரியும் புல்வெளி இருக்கும்போது விடுதியை வசதி என்று சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

விடுதி வேறொன்றையும் காக்கிறது. பள்ளிகள் மூடியிருக்கும் நவம்பர், டிசம்பர் விடுமுறைதான் சடங்குக் காலம். நரோக் நகரில் ஆக்னஸ் பாரேயோ 2002ல் திறந்த பாதுகாப்பு இல்லம், வீட்டுக்குப் போக அஞ்சும் சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்தது. கூடவே பெற்றோருடன் பேசிச் சமாதானமும் செய்துவைத்தது. அந்தப் பெண்மணி 2022ல் நரோக் வடக்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார்.

காகென்யா என்டாயாவின் வாழ்க்கையில் இரு காலமும் இருக்கின்றன. கென்யாவின் எனோசேன் கிராமத்தில் பிறந்த அவருக்கு ஐந்து வயதிலேயே மாப்பிள்ளை பேசிவிட்டார்கள். சடங்குக்கு உடன்படுகிறேன், பள்ளிப் படிப்பை முடிக்க விடுங்கள் என்று தகப்பனிடம் பேரம் பேசினார். பிறகு அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தபோது, பயணச் செலவுக்கு ஊரே பணம் திரட்டியது. திரும்பி வந்து ஊருக்கு உதவுவேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. 2009ல் எனோசேனிலேயே பெண்களுக்கென உறைவிடப் பள்ளி தொடங்கினார். மகளுக்குச் சிதைப்புச் சடங்கு செய்யமாட்டோம், படிப்புக்கு நடுவே மணமுடிக்கமாட்டோம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டால்தான் அங்கே இடம். தான்சானியாவின் மொண்டுலியில் மாசாய்ப் பெண்களுக்கென 1995ல் திறந்த லூத்தரன் பள்ளியும் நன்கொடையாளர்களின் உதவித்தொகையில்தான் நடக்கிறது.

கட்டணம் கட்டினால் மட்டும் போதாது, ஊரும் சம்மதிக்க வேண்டும் என்பதைக் காட்டியவர் நைஸ் லெங்கெட்டே. சிறு வயதிலேயே சடங்குக்கு மறுத்து, அதற்குப் பாட்டனாரின் சம்மதத்தையும் பெற்றவர். பின்பு அம்ரெஃப் என்ற சுகாதார அமைப்பின் சார்பில் பெரியவர்களிடமும், மொரான் எனப்படும் போர்வீரப் பருவ இளைஞர்களிடமும் பேசினார். கத்தியை நீக்கிவிட்டு ஆசீர்வாதம், பாட்டு, விருந்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் மாற்றுச் சடங்கைப் பல ஊர்கள் ஏற்றன. தலைமைக்கு அடையாளமான கருங்கோலை மாசாய் மூத்தோர் அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு பெண் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

மாற்றம் முழுமையாகவில்லை. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கென்ய மாசாய்ப் பெண்களில் 78 சதவீதம் பேருக்குச் சிதைப்பு நடந்திருந்தது. நாடு முழுவதற்குமான அளவு அப்போது 21 சதவீதம். 2022ல் அது 15 ஆகக் குறைந்தது. 2020 முதல் தொடர்ந்து மழை பொய்த்து மந்தைகள் மடிந்தபோது, பரிச மாட்டின் இழுப்பும் கூடியது.

உதவித்தொகை ஒரு சிறுமிக்கு வாங்கித் தருவது காலத்தை: பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை. அந்த ஆண்டுகளைத் தாண்டி ஆசிரியையாகவோ செவிலியாகவோ சம்பளம் வாங்கும் மகள், வறட்சியிலும் பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். அதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுத் தகப்பன் தன் கணக்கைத் திருத்திப் போடுகிறான். எனவே உதவ முன்வருகிறவர்கள் இடையில் நிறுத்தாமல் கடைசி வகுப்புவரை கட்டணம் கட்டுங்கள். விடுமுறையில் அந்தச் சிறுமி எங்கே தங்குவாள் என்றும் கேளுங்கள். பாதியில் நின்றுபோகும் உதவி, அவளை மறுபடி அந்தப் பழைய கணக்குக்கே அனுப்பிவிடும்.